பன்னிரண்டு வயலின்களும் ஒரு பென்சில் துண்டும்

2023 ஆகஸ்டில் ஒரு ராத்திரி பத்தேகால் மணி இருக்கும். என்னிடம் வயலின் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணின் அப்பா போன் செய்தார். "மிஸ், தூங்கிட்டீங்களா? நீங்க குடுத்த வயலினுக்குள்ள பென்சில் துண்டு மாதிரி ஏதோ உருளுது. நீதான் எதையாவது போட்டியான்னு பாப்பாவைக் கேட்டா, இல்லவே இல்லேங்கறா." அந்த வயலினை மூன்று வாரம் முன்னால் 28,000 ரூபாய்க்கு அவருக்கு விற்றது நான்தான். இருபத்தெட்டு வருஷமாக வாசிக்கிறேன், பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த தைரியத்தில், "ஓட்டை வழியா தலைகீழா குலுக்கி எடுத்துடுங்க சார், அடுத்த கிளாஸுக்கு வரும்போது பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அவர் குலுக்கி எடுத்தது சவுண்ட் போஸ்ட். வயலினுக்குள் மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, சுண்டுவிரலை விட மெல்லிசாக, 6 மில்லிமீட்டர் கனத்தில் நிற்கும் ஒரு மரக்குச்சி. பசை கிடையாது, ஆணி கிடையாது. இரண்டு பலகையும் இறுக்கிப் பிடிப்பதால் மட்டுமே நிற்கிறது. இத்தாலிக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அவரவர் மொழியில் அதை 'ஆன்மா' என்றுதான் சொல்கிறார்கள். தந்திகளைத் தாங்கி மேல்பலகைமேல் நிற்கும் சின்ன மரப்பாலத்துக்குக் குதிரை என்று பெயர். முதல் தந்திப் பக்கத்துக் குதிரைக் காலுக்குச் சற்றுப் பின்னால் இந்தக் குச்சி இருந்தால்தான், மேலிருந்து வரும் அழுத்தத்தை அந்த 3 மில்லிமீட்டர் மேல்பலகை தாங்கும். இதெல்லாம் எனக்கு ஏட்டளவில் தெரியும். தூக்கக் கலக்கத்தில் பென்சில் துண்டு என்றதும் பென்சில் துண்டு என்றே நினைத்துவிட்டேன். அடுத்த கிளாஸ் நாலு நாள் கழித்து. அதுவரை அந்தப் பெண் சமர்த்தாக தினமும் சாதகம் செய்திருக்கிறாள். கொண்டுவந்தபோது குதிரையின் வலது கால் பக்கம் பலகை உள்வாங்கியிருந்தது. எஃப் வடிவ ஓட்டையின் ஓரத்திலிருந்து தலைமுடி மாதிரி ஒரு விரிசல், நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு.

உங்கள் வயலினுக்குள் எப்போதாவது ஏதாவது உருண்டால், முதலில் நாலு தந்தியையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். குதிரையை எடுத்து ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். உருண்ட குச்சியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது அந்த வயலினுக்கென்று அளந்து வெட்டியது. அதன்பிறகு தெரிந்தவரிடம் எடுத்துப் போகும்வரை ஒரு சுருதிகூட வேண்டாம். இந்த விஷயத்தை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு வயலின் பிழைத்திருக்கும்.

நான் ஏன் வயலின் விற்கப் போனேன் என்று சொல்கிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் வீட்டிலேயே கிளாஸ் எடுக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எங்கிருந்தோ 5,000, 6,000 ரூபாய்க்கு ஒரு வயலினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். விரல் பலகையை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுப்பாகும். கருங்காலி என்று நினைப்பது சாயம் பூசிய ஏதோ ஒரு வெள்ளை மரம். தந்தியை முறுக்கும் மர முளையான பிருடை ஒன்று இறுகிக்கொண்டு திரும்பாது, இல்லையென்றால் நிற்காமல் கிர்ரென்று அவிழும். ஒரு மணி நேர கிளாஸில் இருபது நிமிஷம் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும். பிள்ளைக்கு வரவில்லை என்று பெற்றோர் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளைக்கு வரும், வயலினுக்குத்தான் வராது. இதைப் பார்த்துப் பார்த்து, நல்ல வயலினை நாமே வரவழைத்து நியாயமான விலைக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. லாப ஆசையும் இருந்தது, மறைக்கவில்லை.

உலகத்தின் மாணவர் வயலின்களில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. ஜியாங்சு மாகாணத்தில் ஹுவாங்சியாவ், பெய்ஜிங் பக்கத்தில் டோங்காவ்சுன் என்று ஊர் ஊராகவே வயலின் செய்கிறார்கள். அங்கே மோசமானதும் உண்டு, கேட்டால் மயங்கிப்போகிற மாதிரியும் உண்டு. ஒரு ஏற்றுமதியாளரிடம் பேசி, முதலில் மாதிரிக்கு இரண்டு வரவழைத்தேன். பிரித்து, சுருதி சேர்த்து, ஒரு மோகன வர்ணம் வாசித்துப் பார்த்தேன். என் சொந்த வயலின்மேல் கோபம் வந்தது. அப்படி இருந்தது நாதம். அன்றைக்கே பன்னிரண்டுக்கு ஆர்டர் போட முடிவு செய்தேன். மாதிரிக்கு வந்த இரண்டையும் உறவுக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன், அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

பணக் கணக்கைத் திறந்து சொல்கிறேன், இதை எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒன்று 175 டாலர், பன்னிரண்டுக்கு 2,100 டாலர். அப்போதைய விலையில் 1,72,200 ரூபாய். ஒன்றுக்கு 14,000 சொச்சம், கூரியர் வரி எல்லாம் சேர்ந்து 18,000 ஆகும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கையில் ஒரு லட்சம் இருந்தது. மீதிக்கு என் வளையல்களை வங்கியில் வைத்து இரண்டு லட்சம் நகைக்கடன் வாங்கினேன். கூரியர்காரர்கள் எடைக்குக் காசு வாங்குவார்கள் என்று நினைத்தேன். பெட்டியின் பருமனுக்கு வாங்குகிறார்கள்! நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் வருவதுதான் அவர்கள் கணக்கில் கிலோ. பெட்டியோடு மூன்று கிலோகூட இல்லாத வயலின் அவர்கள் கணக்கில் கிட்டத்தட்ட ஏழு கிலோ. பன்னிரண்டுக்கு 80 கிலோ, 48,000 ரூபாய். இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியும் சரக்கின் விலைமேல் மட்டும் போடுவதில்லை, கூரியர் செலவையும் சேர்த்த தொகைமேல் போடுகிறார்கள். அது 69,000. கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்கு 8,500. ஆக மொத்தம் 2,97,700. ஒரு வயலின் என் வாசலில் வந்து இறங்கியபோது விலை 24,800. நான் 28,000 என்று மாணவர்களிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று. வியாபாரத்துக்கு வரவழைக்க ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி-இறக்குமதி எண் வேண்டும், அது 500 ரூபாயில் இணையத்திலேயே கிடைக்கிறது. அது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக முடிந்தது.

2023 மே மாதம், கத்திரி வெயிலில் பெட்டிகள் வந்தன. முதல் பெட்டியைத் திறந்ததுமே வயிற்றைக் கலக்கியது. குதிரை தனியாக ஒரு பஞ்சுப் பொட்டலத்தில் கிடந்தது, தொழிற்சாலையிலிருந்து வந்த கனத்தில், செதுக்கப்படாமல். பிருடைகள் சும்மா செருகியிருந்தன. மேல்முனையில் தந்தி உட்காரும் நட்டில் பள்ளம் பெயருக்குக் கீறியிருந்தது. மாதிரிக்கு வந்த இரண்டும் அப்படி இல்லையே என்று ஏற்றுமதியாளருக்கு எழுதினேன். பணிவாகப் பதில் வந்தது: மாதிரிகளை எங்கள் மூத்த கைவினைஞர் செட்டப் செய்து (குதிரை, பிருடை, நட்டு எல்லாவற்றையும் வாசிக்கத் தோதாகச் செதுக்கிப் பொருத்தி) அனுப்பினார், உங்கள் மொத்த ஆர்டரில் செட்டப் சேர்க்கப்படவில்லை. போய் ஒப்பந்தத்தைப் பார்த்தேன். இருந்தது. ஒரே ஒரு வரி. நான் மரத்தின் வரிகளையும் வார்னிஷ் நிறத்தையும் பற்றிப் பத்து கேள்வி கேட்டிருந்தேன், செட்டப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. மாதிரியைப் பார்த்து மயங்கி ஆர்டர் போடுகிறவர்கள், வரப்போகிற ஒவ்வொன்றையும் தந்தி கட்டி வாசித்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

எனக்கிருந்த அறிவுக்கு நானே உப்புத்தாளால் குதிரையின் காலைத் தேய்த்து நிறுத்தினேன். சவுண்ட் போஸ்டை ஒரு கடைக்காரர் ஒன்றுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு நிறுத்திக் கொடுத்தார், பன்னிரண்டையும் ஒரே சாயங்காலத்தில். அந்த வேகத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஐந்து விற்றேன். அதில் ஒன்றுதான் பென்சில் துண்டு வயலின். அந்தப் பெண்ணுக்கு வேறு ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். அவள் அப்பா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செப்டம்பரில் ஒரு ரிட்டயர்டு ஆசிரியை திருப்பிக் கொண்டுவந்தார். "விரல் வெட்டுதும்மா. கமகம் பிடிச்சு ஜாரு போட்டா கம்பி கீழே இறங்கவே மாட்டேங்குது" என்றார். அளந்து பார்த்தேன். விரல் பலகை முடிகிற இடத்தில் தந்திக்கும் பலகைக்கும் நடுவே முதல் தந்தியில் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர், நான்காவதில் ஐந்து, ஐந்தரை இருக்க வேண்டும். அவருடையதில் ஆறும் எட்டும் இருந்தது. மேற்கத்திய முறையில் விரலைத் தூக்கித் தூக்கி வைப்பவர் இதையும் எப்படியோ சமாளித்துவிடுவார். நாம் தந்தியோடேயே வழுக்கி வழுக்கிப் போகிறவர்கள், எண்ணெய் தொட்டுக்கொண்டு. உயரமாக நிற்கும் தந்தியில் அரைமணி நேரம் தோடி வாசித்தால் விரல் நுனி பழுத்துவிடும்.

அடுத்தது ஒரு ஐ.டி. பையன். ஆண் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தான். அவன் கொண்டுவந்த குறை நேர் எதிர்: "கம்பி தளதளன்னு ஆடுது மிஸ், ஒரே இரைச்சல்." இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், என் மொத்த அனுபவமும் இங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கிறது.

சுமார் இருநூறு வருஷம் முன்னால், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்தது. வாத்தியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உட்காரும் விதத்தையும் சுருதியையும் நமக்கு ஏற்றாற்போல் மாற்றிக்கொண்டோம். தொழிற்சாலைக்கு அது தெரியாது. அவர்கள் போடுகிற தந்தி, செதுக்குகிற குதிரை எல்லாமே மேற்கத்திய சுருதிக்கு. அந்தச் சுருதியில் நாலு தந்தியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கும். நாம் ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கிறோம். அந்த ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் கட்டை என்கிறோம், எண் கூடினால் சுருதி ஏறும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு வாசித்தால் பெரிய வித்தியாசம் இல்லை: கீழ் இரண்டு தந்தியும் அதே இடம், மேல் இரண்டும் ஒரு முழு ஸ்வரம் இறங்கும். ஒரு கட்டைக்குப் போங்கள். கீழ் இரண்டும் ஏழு அரைஸ்வரம் இறங்கும், மேல் இரண்டும் ஒன்பது. இழுவிசை சுருதியின் வர்க்கத்தில் குறைகிறது. அதே தந்தியை ஒரு கட்டைக்கு இறக்கினால் கீழ் இரண்டில் முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவான இழுவிசை, மேல் இரண்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிச்சம். துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடாமல் என்ன செய்யும்? தளர்ந்த தந்தி அகலமாக ஆடும், ஆடும்போது பலகையில் இடித்து இரையும். இரைச்சலுக்காகக் குதிரையை உயர்த்தினால் விரல் வெட்டும். வழுக்குவதற்காகத் தாழ்த்தினால் இரையும். ஆசிரியையின் குறையும் பையனின் குறையும் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், 56,000 ரூபாய். கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டேன். நஷ்டத்தை அவரிடம் முழுதாகச் சொல்லவே ஜனவரி ஆகிவிட்டது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். மடிப்பாக்கத்தை நான் விவரிக்க வேண்டாம். நாங்கள் முதல் மாடி, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மூன்று நாள் கரண்ட் இல்லை, ஈரம் சுவரில் வியர்த்தது. நாலாம் நாள் பீரோவைத் திறந்து பார்த்தால், அங்கிருந்த எட்டில் மூன்று வயலின்களில் பக்கப் பலகை ஒட்டு விட்டிருந்தது. ஒரு விரல் நீள இடைவெளி. எனக்கு உயிரே போய்விட்டது. முதல் ஒன்றை நானே சரி செய்துவிடலாம் என்று ஃபெவிகால் வைத்து, நாலைந்து துணிக் கிளிப் மாட்டி, நன்றாக ஒட்டினேன். ரொம்ப நன்றாக. மற்ற இரண்டையும் தொடுவதற்குள் கிளிப் தீர்ந்துபோனது, அது கடவுள் புண்ணியம்.

ஜனவரியில், ஒரு மிருதங்க வித்வான் சொல்லி, பெரம்பூரில் ஒரு பெரியவரைத் தேடிப்போனேன். எழுபத்துநாலு வயது. ஒரு காலத்தில் கோடம்பாக்கம் ரெக்கார்டிங்குக்கு வாசித்தவர்களின் வயலின்களை எல்லாம் ரிப்பேர் பார்த்தவர். சின்ன அறை, ஜன்னலோரம் ஒரு பெஞ்ச், வஜ்ஜிரம் என்கிற தோல் பசை காய்ச்சும் வாசனை. ஃபெவிகால் வயலினைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஃபெவிகால் போட்டுக்கீறே? வஜ்ஜிரத்துல ஏன் ஒட்டறோம் தெரியுமா? விட்டுக்குடுக்கணும்னுதான். மரம் வீங்கும், சுருங்கும். ஒட்டு விட்டுக்குடுத்தா பலகை பொழைக்கும். இப்ப ஒட்டு விடாது, பலகைதான் கிழியும்." ஒட்டு விட்டது குறையே இல்லை, அது வயலின் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட விதம் என்று அப்போதுதான் தெரிந்தது. மற்ற இரண்டையும் சூடான வஜ்ஜிரம் வைத்து மறுநாளே கொடுத்துவிட்டார். மேற்கொண்டு நான் கொண்டுபோனவற்றைப் பார்த்து, "இதையா 28,000க்கு வித்தே?" என்றார். செட்டப் செய்யாமல் வந்த கதையைச் சொன்னேன். "அப்ப சாமான் வித்துக்கீறே. வயலின் இன்னும் விக்கல."

கோபம் வந்தது, உண்மை. மூன்று லட்சம் போட்டவளிடம் இப்படியா பேசுவது? இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு நாள், மடிப்பாக்கத்திலிருந்து பெரம்பூருக்கு பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போனேன், ஐந்து மாதம். அவர் கற்றுக்கொடுத்ததில் எழுத்தில் சொல்ல முடிந்தது கொஞ்சம்.

முதலில் பிருடை. பிருடை கூம்பாகச் சீவப்பட்டது, 30 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் குறையும். ஓட்டையும் அதே சாய்வில் குடையப்பட்டிருந்தால்தான் இரண்டு பக்கமும் உட்காரும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வழுக்கும், அழுத்தித் திருகினால் பிருடை செருகியிருக்கும் தலைப்பெட்டி விரியும். வழுக்கினால் சாக்பீஸ் தூள், இறுகினால் காய்ந்த சோப்பு, இரண்டும் அளவாக. நம்மைப் போல ஆளுக்கேற்பச் சுருதி மாற்றுகிறவர்களுக்குப் பிருடைதான் முதல் சத்துரு. அடுத்து நட்டு. தந்தி பலகையைவிட ஒரு விசிட்டிங் கார்டு கனம்தான் உயர்ந்து இருக்கலாம். அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் தந்தி சிக்காமல் ஓடும், அறுபடுவதும் குறையும்.

குதிரைக்குத்தான் நாள் கணக்கில் போனது. காலின் அடியைப் பலகையின் வளைவோடு முடி நுழையாதபடி பொருத்த வேண்டும். உப்புத்தாளை வயலின்மேல் வைத்துத் தேய்க்கும் குறுக்குவழியை நான் பெருமையாகச் சொன்னேன், அவர் பதிலே சொல்லவில்லை. கத்தியால் ஒரு செதுக்கு, காலில் கரி தடவி வைத்துப் பார்ப்பது, படிந்த இடத்தில் மறுபடி ஒரு செதுக்கு. மேல்விளிம்பு ஒன்றரை மில்லிமீட்டருக்குள் மெலிய வேண்டும், கனமாக இருந்தால் மூக்கடைத்த மாதிரி ஒலிக்கும். தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சுருதி ஏற்றும்போதெல்லாம் தந்தி குதிரையின் தலையை விரல் பலகைப் பக்கம் இழுக்கும். இதை எல்லா மாணவர்களுக்கும் முதல் நாளே காட்டுகிறேன் இப்போது. வயலினை மடியில் வைத்து, இரண்டு கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் குதிரையின் தலையைப் பிடித்து மெல்ல நேராக்குவது. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், குதிரை வளையாது, விழாது.

சவுண்ட் போஸ்ட் எனக்கு இன்றுவரை பாதிதான் வரும். வளைந்த ஒரு இரும்புக் குத்தூசியில் குச்சியைக் குத்தி, எஃப் ஓட்டை வழியாக நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்துவது. அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் நாதம் மாறுகிறது, நம்பவே முடியாது. அவர் அதைக் காதால் செய்வார்: ஒரு தட்டு, "வாசி", இன்னொரு தட்டு, "வாசி". தந்தியை முழுதாகத் தளர்த்தியபோது விழுந்துவிடுகிற போஸ்ட் நீளம் பற்றாதது, வெளியிலிருந்து பார்த்தால் பலகை மேடு தட்டினால் நீளம் அதிகம். என் பன்னிரண்டில் ஒன்பது, கடைக்காரர் நிறுத்தியது, நீளம் பற்றாதவை.

ஒரு கட்டைப் பிரச்சினைக்கு அவரிடம் பதில் சாதாரணமாக இருந்தது. "எந்தச் சுருதின்னு கேட்டுட்டுத்தான் கம்பி போடணும்." தாழ்ந்த சுருதிக்குக் கனமான தந்தி. ஐ.டி. பையன் திருப்பிய வயலினுக்கே கனம் கூடிய தந்தி போட்டு, தேவைப்பட்ட இடத்தில் வயோலா தந்தியையும் வைத்துப் பார்த்தோம். நட்டின் பள்ளத்தையும் குதிரையின் பள்ளத்தையும் அந்தக் கனத்துக்கு அகலப்படுத்தினார். இழுவிசை திரும்பி வந்தது, இரைச்சல் நின்றது, குதிரையையும் தாழ்த்த முடிந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவனே மறுபடி வாங்கிக்கொண்டான்.

அந்த மாதங்களில் நடந்த ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் தாத்தாவின் வயலினை என்னிடம் விற்கக் கொண்டுவந்தது. உள்ளே சீட்டில் 'ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா, 1721' என்று லத்தீனில் இருந்தது. கோடிக்கணக்கில் போகும் என்று இணையத்தில் பார்த்திருக்கிறார்கள். ஸ்ட்ராடிவாரி என்கிற பேர்போன இத்தாலிய வயலின் தச்சர் 1737இல் இறந்தவர், அவர் கையால் செய்த வாத்தியங்களில் எஞ்சியிருப்பது சுமார் 650தான். அந்தச் சீட்டு ஒட்டிய தொழிற்சாலை வயலின்களோ ஜெர்மனியிலும் போஹீமியாவிலும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தோம் என்பதற்காக ஒட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் 'ஜெர்மனியில் செய்தது' என்று இருந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. பெரியவரிடம் அனுப்பி, புதுக் குதிரை, புது போஸ்ட், பிருடை எல்லாம் போட்டு 9,000 ரூபாய் ஆனது. விற்க வேண்டாம் என்று பேத்தி எடுத்துக்கொண்டாள். என் பன்னிரண்டில் ஒன்றுகூட அந்த நாதத்துக்குப் பக்கத்தில் வராது.

விற்காமல் பீரோவில் வைத்தவற்றில் இன்னொரு சின்ன நஷ்டமும் வந்தது. நாலு வில்லில் முடி பாதி பாதியாக அறுந்து கிடந்தது. இருட்டுப் பெட்டிக்குள் இருந்துகொண்டு குதிரைமுடியைத் தின்னும் பூச்சி இருக்கிறது. பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து வெளிச்சத்தில் வையுங்கள். வில்லை வாசித்து முடித்ததும் தளர்த்தி வையுங்கள், இறுக்கியபடியே விட்டால் குச்சியின் வளைவு போய்விடும்.

2024 முழுதும் ஒவ்வொன்றாகச் செட்டப் செய்து, மீதி ஏழையும் 26,000 வீதம் விற்றேன். முதலில் விற்றுத் திரும்பி வராத மூன்றையும் சேர்த்து மொத்த வரவு 2,66,000. செலவில் முதல் 2,97,700 போக, தந்திக்கும் குதிரைக்கும் 28,000, கத்தி, குத்தூசி, அளவுக்கோல் என்று 11,000, பெரியவருக்கு 14,000 (அதற்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்), நகைக்கடன் வட்டி 25,000. நஷ்டம் 1,09,700 ரூபாய். கிளாஸை விட்டுவிட்டு அலைந்த ஐந்து மாதத்தை இதில் எழுதவில்லை. செட்டப்புக்கு ஒன்றுக்கு 5,000 என்று முதலிலேயே விலையில் வைத்து, நாலே நாலு வரவழைத்து, இரண்டு விதக் கனத்திலும் தந்தியைக் கையில் வைத்துத் தொடங்கியிருந்தால் கையைக் கடிக்காமல் போயிருக்கும்.

இப்போதும் விற்கிறேன், ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் வீட்டில் வைப்பதில்லை. போனில் விலை கேட்பவர்களிடம் எத்தனை கட்டை என்று கேட்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியாது, அவர்கள் குருவிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். பத்து நாள் எடுத்துப் போய் வாசித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் தந்திக்கு மட்டும் காசு. மூன்று மாதம் கழித்து ஒருமுறை இலவசமாகக் குதிரையும் போஸ்டும் பார்த்துக் கொடுக்கிறேன், புது மரம் அதற்குள் ஒருமுறை அசையும். சுருதியையும் தந்தியின் கனத்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கிறேன். அடியில் பெரிய எழுத்தில் இன்னொரு வரி: உள்ளே ஏதாவது உருண்டால் தந்தியைத் தளர்த்திவிட்டு, எந்த நேரமானாலும் போன் செய்யவும்.

ஃபெவிகால் வயலினை யாருக்கும் விற்க மனசில்லை. விரிசல் விட்டது என் பெஞ்ச்மேலேயே கிடக்கிறது, போஸ்ட் நிறுத்திப் பழக. நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பதினேழு தடவை விழுந்தது, பதினெட்டாவது நின்றது. எனக்கென்னவோ கொஞ்சம் சாய்ந்திருக்கிற மாதிரிப் படுகிறது. வியாழக்கிழமை பெரம்பூருக்கு எடுத்துப் போய்க் காட்ட வேண்டும்.